போஸ்ட்கிரெஸ் டேட்டா கெட்டுப்போனால்: ரீஇண்டெக்ஸா, ஸ்டாண்ட்பையா, பேக்கப்பா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்ற சந்தேகம் கிளம்பியதும் டீமில் ஆளுக்கொரு யோசனை வரும். ரீஇண்டெக்ஸ் போட்டு, அதாவது ரோக்களைத் தேட உதவும் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டிப் பார்க்கலாம் என்பார் ஒருவர். மெயின் சர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டு தயாராக நிற்கும் ஸ்டாண்ட்பை சர்வருக்கு மாறிவிடலாம் என்பார் இன்னொருவர். நேற்று ராத்திரி எடுத்த பேக்கப்பை ஏற்றுங்கள் என்பார் மேனேஜர். அதற்குள் இணையத்தில் தேடிய ஒருவர் "ஜீரோ டேமேஜ்டு பேஜஸ்" என்ற செட்டிங்கைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருப்பார். நான்குமே நல்ல மருந்துதான். ஆனால் நான்கும் வெவ்வேறு நோய்க்கானவை. மாற்றிக் கொடுத்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய டேட்டாவும் போய்விடும்.

இந்த நான்கையும், கூடவே நல்ல ரோக்களை மட்டும் அள்ளிக்கொண்டு புது டேட்டாபேஸுக்குப் போகும் ஐந்தாவது வழியையும் இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டது இண்டெக்ஸ் மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் ரீஇண்டெக்ஸ். டேபிளே கெட்டிருந்தால், வேறு மெஷினில் பழைய பேக்கப்பை ஏற்றி, டேட்டாபேஸில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் வால் (WAL) ஃபைல்களை இன்றுவரை ஓட்டுவது. இந்த இரண்டுக்கும் வழியில்லாதபோதுதான் மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்னால்

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். சர்வரை நிறுத்துங்கள். டேட்டா டைரக்டரி முழுவதையும், வால் ஃபைல்கள் இருக்கும் பிஜி வால், டிரான்சாக்ஷன்களின் நிலை இருக்கும் பிஜி எக்ஸாக்ட், டேட்டாவின் ஒரு பகுதியைத் தனி டிஸ்கில் வைத்திருக்கும் டேபிள்ஸ்பேஸ் எல்லாவற்றோடும் சேர்த்து, வேறொரு டிஸ்குக்கு காப்பி எடுங்கள். 500 ஜிபி டேட்டாபேஸ், நொடிக்கு 200 எம்பி வேகம் என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரம் சைட் கீழே இருக்குமே என்று பதறுவது இயல்புதான். ஆனால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும், பழைய ரோக்களைத் தானாகத் துப்புரவு செய்யும் ஆட்டோவாக்யூம் உள்ளே புகுந்து எதையோ மாற்றிக்கொண்டிருக்கும். புது ஆர்டர்கள் கெட்ட இண்டெக்ஸை நம்பி உள்ளே வந்துகொண்டிருக்கும். காப்பி கையில் இருந்தால் எந்த வழியையும் முயன்று பார்த்துவிட்டுப் பின்வாங்கலாம். இல்லாவிட்டால் முதல் முயற்சியே கடைசி முயற்சியாகிவிடும்.

இன்னொன்று, டிஸ்கில் இடம் போதவில்லை என்று டேட்டா டைரக்டரிக்குள் எதையும் அழிக்காதீர்கள். வால் என்று நாம் சொல்லும் மாற்றப் பதிவுகள் இருக்கும் ஃபோல்டருக்கு முன்பு பிஜி எக்ஸ்லாக் என்று பெயர். "லாக்" என்று இருக்கிறதே, பழைய லாக் ஃபைல்தானே என்று நினைத்து அதை அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் பலர். அதனால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்தப் பெயரை பிஜி வால் என்றும், பிஜி சிலாக்கை பிஜி எக்ஸாக்ட் என்றும் மாற்றினார்கள்.

இண்டெக்ஸா, டேபிளா?

முடிவு முழுக்க இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. டேபிளில்தான் உண்மையான டேட்டா இருக்கிறது. இண்டெக்ஸ் அதிலிருந்து உருவானது, அழிந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டு சிதைவும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒரு வாடிக்கையாளர் லாகின் ஆகவில்லை என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈமெயில் முகவரியைச் சமக்குறி போட்டுத் தேடினால் ஒரு ரோ கூட வரவில்லை. அதே முகவரியை லைக் போட்டு, இரு பக்கமும் சதவீதக் குறி வைத்துத் தேடினால் ரோ வந்து நிற்கிறது. முதல் தேடல் இண்டெக்ஸ் வழியாகப் போனது, இரண்டாவது டேபிளை முதல் பேஜிலிருந்து கடைசிவரை படித்தது. அப்படியானால் ரோ பத்திரமாக இருக்கிறது, அதற்கு வழிகாட்டும் இண்டெக்ஸ்தான் தவறு. அந்த செஷனில் மட்டும் இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் ஆஃப் செய்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால் உறுதியாகிவிடும்.

நல்லாயிருந்த இண்டெக்ஸ் ஏன் திடீரென்று கெடுகிறது? நான் முதலில் கேட்பது, "சமீபத்தில் ஓஎஸ் மாற்றினீர்களா?" என்பதுதான். போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் லினக்ஸின் ஜிலிப்சி லைப்ரரியிடம் விட்டுவிடுகிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28இல் அந்த வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. அமெரிக்க ஆங்கில லோகேலில் (மொழி, நாட்டு அமைப்பில்) "11", "1-1" இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால் பழைய ஜிலிப்சி "11"ஐ முன்னால் வைக்கும், புதியது "1-1"ஐ முன்னால் வைக்கும். பழைய விதிப்படி அடுக்கிவைத்த இண்டெக்ஸைப் புதிய விதிப்படி தேடினால், இருக்கும் ரோவையே இல்லை என்று சொல்லும். உபுண்டு 18.04இலிருந்து 20.04க்குப் போனவர்கள், டெபியன் 9இலிருந்து 10க்குப் போனவர்கள், ரெட்ஹாட் 7இலிருந்து 8க்குப் போனவர்கள் எல்லாரும் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். டிஸ்க் கெடவில்லை, யாரும் எதையும் அழிக்கவில்லை, லாகில் ஒரு எர்ரர் கூட இல்லை. மர்மம் என்று சொல்லப்படும் பல கேஸ்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

அடுத்த கேள்வி, போஸ்ட்கிரெஸின் எந்த மைனர் பதிப்பு ஓடுகிறது என்பது. 14.0 முதல் 14.3 வரை, கன்கரன்ட்லி (டேபிளுக்கு எழுதுவதை நிறுத்தாமல்) என்று போட்டு இண்டெக்ஸ் கட்டினாலோ ரீஇண்டெக்ஸ் செய்தாலோ சில ரோக்கள் இண்டெக்ஸில் ஏறாமல் விடுபடும் பக் இருந்தது. 2022 ஜூனில், வழக்கமான அட்டவணைக்கு வெளியே 14.4ஐ வெளியிட்டு அதைச் சரிசெய்தார்கள். 14.4க்கு மாறியது மட்டும் போதாது, ஏற்கெனவே கெட்ட இண்டெக்ஸை நாம்தான் திரும்பக் கட்ட வேண்டும். இது தெரியாமல் பதிப்பை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு.

சோதிக்க ஏஎம்செக் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. 14ஆம் பதிப்பிலிருந்து பிஜி ஏஎம்செக் என்ற கமாண்டாகவும் கிடைக்கிறது, டேபிளையும் பார்க்கும். ஹீப் ஆல் இண்டெக்ஸ்டு என்ற ஆப்ஷனைப் போட்டு ஓட்டுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் இண்டெக்ஸின் உள்ளமைப்பு சரியா என்று மட்டும் பார்க்கும், விடுபட்ட ரோக்களைக் கண்டுகொள்ளாது.

டேபிள் கெட்டிருந்தால் சத்தம் வேறு மாதிரி வரும். "இன்வேலிட் பேஜ் இன் பிளாக்" என்று ஒரு எண்ணோடு வரும். "மிஸ்ஸிங் சங்க் நம்பர்" என்று, பெரிய மதிப்புகளைத் துண்டுதுண்டாகத் தனியே வைக்கும் டோஸ்ட் டேபிளின் பெயரோடு வரும். "இன்வேலிட் மெமரி அலாக் ரிக்வெஸ்ட் சைஸ்" என்று இருபது இலக்க எண்ணைக் காட்டும். அதாவது ஒரு காலத்தின் (column, டேபிளின் நெடுவரிசை) நீளத்தைச் சொல்லும் பைட்கள் குப்பையாகிவிட்டன. டேட்டாபேஸை வெளியே எழுதித் தரும் பிஜி டம்பை ஓட்டி, வருவதை டெவ் நல் என்ற குப்பைத்தொட்டிக்கு அனுப்பினால் எல்லா டேபிளையும் ஒருமுறை படித்துப் பார்த்தது போலாகும். ஆனால் அது இண்டெக்ஸ்களைச் சோதிக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கெட்ட பேஜைக் கண்ணால் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் இந்த வேலை அரை மணி நேரம்கூட எடுக்காது, ஆனால் பெரிய முடிவைத் தீர்மானிக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாவைப் பேஜ் (பிளாக் என்றும் சொல்வார்கள்) என்ற துண்டுகளாக வைக்கிறது, ஒன்று 8192 பைட். டேபிள் ஒரு ஜிபிக்கு ஒரு ஃபைலாகப் பிரிந்திருக்கும். எர்ரரில் வந்த பிளாக் எண்ணை 8192ஆல் பெருக்கி, எடுத்துவைத்த காப்பியில் அந்த இடத்திலிருந்து ஒரு பேஜை டிடி கமாண்டால் வெட்டி, பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்பில் பாருங்கள்.

பேஜ் முழுக்கப் பூச்சியமா? சரியாக 4096ஆவது பைட்டிலிருந்து பாதிப் பேஜ் பூச்சியமா, அல்லது பழைய டேட்டாவா? லினக்ஸின் பெரும்பாலான ஃபைல்சிஸ்டம்கள் 4096 பைட் பிளாக்கில்தான் வேலை செய்கின்றன. அந்த எல்லையில் வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகம் டிஸ்க், கன்ட்ரோலர், ஃபைல்சிஸ்டம் பக்கம் போக வேண்டும். பேஜின் நடுவில் வெப்சர்வரின் லாக் வரிகள் இருக்கின்றனவா? வேறு ஃபைலுக்குப் போக வேண்டியது இங்கே எழுதப்பட்டிருக்கிறது. இதற்கும் கீழ் அடுக்குதான் பொறுப்பு.

எல்லாம் ஒழுங்காக இருந்து ஒரே ஒரு பிட் மட்டும் புரண்டிருந்தால் மெமரியைச் சந்தேகியுங்கள். தமிழ்ப் பெயர்கள் உள்ள டேபிளில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். யுடிஎஃப்-8இல் "க" என்ற எழுத்து மூன்று பைட்: ஈ0, ஏஈ, 95. கடைசி பைட்டின் கடைசி பிட் புரண்டால் 95 என்பது 94 ஆகும், "க" என்பது "ஔ" ஆகும். கண்ணன் "ஔண்ணன்" ஆகிவிடுவார். இது செல்லுபடியாகும் எழுத்துதான் என்பதால் போஸ்ட்கிரெஸ் எந்த எர்ரரும் காட்டாது. அதே பைட்டின் முதல் பிட் புரண்டால் 95 என்பது 15 ஆகிவிடும். இது செல்லாத யுடிஎஃப்-8. ஆனாலும் பிஜி டம்ப் இதை அப்படியே வெளியே எழுதிவிடும், அந்த டம்பைத் திரும்ப ஏற்றும்போதுதான் எர்ரர் வரும். டம்ப் வெற்றி என்றதும் பெருமூச்சு விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பேஜ் மாறிவிட்டதா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் ஆன் செய்திருந்தால் இது பிடிபட்டிருக்காதா? எல்லா நேரத்திலும் பிடிபடாது. பேஜ் டிஸ்குக்குப் போகும் நேரத்தில்தான் செக்சம் கணக்கிடப்படுகிறது. அதற்கு முன்பே ராமில் பிட் புரண்டுவிட்டால் தவறான பேஜுக்குச் சரியான செக்சம் விழும். கூகுள் சர்வர்களின் மெமரியை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி மாட்யூல்களில் பிழை பதிவானதாகச் சொன்னது. பிட் புரண்டால் தானே திருத்தும் இசிசி வசதி இல்லாத ராமில் புரொடக்ஷன் டேட்டாபேஸ் ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மனிதக் கை பட்ட காரணங்களையும் விசாரியுங்கள். ஒரே டாக்கர் வால்யூமை இரண்டு கன்டெய்னர்கள் ஒரே நேரத்தில் பிடித்திருந்தனவா? சர்வர் எழவில்லை என்று யாராவது, அதே டைரக்டரியில் இரண்டாவது சர்வர் எழாமல் தடுக்கும் போஸ்ட்மாஸ்டர் பிஐடி ஃபைலை அழித்தார்களா? எழுதியது டிஸ்குக்குப் போனதை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை வேகத்துக்காக ஆஃப் செய்து வைத்திருந்தார்களா? யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போலக் கேட்காதீர்கள். கேட்கும் விதம் சரியாக இருந்தால்தான் உண்மை வெளியே வரும்.

ரீஇண்டெக்ஸ்

காரணம் ஜிலிப்சி அல்லது போஸ்ட்கிரெஸ் பக் என்று தெரிந்து, டேபிள் சுத்தம் என்று ஏஎம்செக்கும் டம்பும் சொல்லிவிட்டால் இதைவிட நல்ல வழி இல்லை. டேட்டா இழப்பு இல்லை. கன்கரன்ட்லி போட்டால் டேபிளுக்கு எழுதுவதும் நிற்காது. ஜிலிப்சி கேஸில் எழுத்து வகைக் காலங்கள் இருக்கும் இண்டெக்ஸ்களை மட்டும் கட்டினால் போதும், எண், தேதி இண்டெக்ஸ்கள் பாதிக்கப்படாது. பைட் வரிசையிலேயே அடுக்கும் "சி" கலேஷனில் இருப்பவையும் பாதிக்கப்படாது.

சிக்கல் வருவது, ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸில். கெட்ட இண்டெக்ஸ் "இந்த ஈமெயில் இல்லை" என்று பொய் சொன்ன நாட்களில் அதே ஈமெயிலோடு இரண்டாவது கணக்கு திறக்கப்பட்டிருக்கும். ரீஇண்டெக்ஸ் அதில் மோதி நிற்கும். அப்போது எந்தக் கணக்கை வைத்துக்கொள்வது, மற்றதன் ஆர்டர்களையும் பேமெண்ட்களையும் எங்கே சேர்ப்பது என்பதை டேட்டாபேஸ் ஆள் தனியாக முடிவு செய்யக் கூடாது. பிசினஸ் தெரிந்தவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட நாட்கள் கூடக் கூட இந்த வேலையும் கூடும். ஆகவே ரீஇண்டெக்ஸ் ஐந்து நிமிட வேலை என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எழுத்துக் காலத்தை வைத்து ரேஞ்ச் பார்ட்டிஷன் செய்திருந்தால், அதாவது இதிலிருந்து இதுவரை ஒரு துண்டு என்று டேபிளைப் பிரித்திருந்தால், இன்னொரு சங்கடமும் உண்டு. வரிசை மாறியதால் சில ரோக்கள் இப்போது தவறான பார்ட்டிஷனில் இருக்கும். அதை ரீஇண்டெக்ஸ் தொடாது.

ஓஎஸ் மாறவில்லை, பக் உள்ள பதிப்பும் இல்லை, ஆனாலும் ஒரு இண்டெக்ஸ் பேஜ் கெட்டிருக்கிறது என்றால் ரீஇண்டெக்ஸ் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதே டிஸ்க், அதே ராம் அடுத்த வாரம் டேபிள் பேஜைக் கெடுக்கலாம்.

ஸ்டாண்ட்பைக்கு மாறுவது

மிக வேகமான வழி, அதனால் மிகவும் ஆசை காட்டும் வழியும் இதுதான். பிரைமரியின், அதாவது மெயின் சர்வரின், டிஸ்கில் உட்கார்ந்திருந்த ஒரு பேஜ் கெட்டுப்போனால் அது பொதுவாக ஸ்டாண்ட்பைக்குப் போகாது, ஏனென்றால் ரெப்ளிகேஷனில் போவது வால் பதிவுகள், டிஸ்கில் இருக்கும் பேஜ்கள் அல்ல. இப்படிப்பட்ட கேஸில் ஸ்டாண்ட்பை உயிர் காக்கும்.

ஆனால் ஒரு பொந்து இருக்கிறது. மாறிய பேஜ்களை டிஸ்கில் எழுதி முடிக்கும் ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் பிறகும் ஒரு பேஜ் முதல் தடவை மாறும்போது முழுப் பேஜின் நகலும் வாலில் எழுதப்படும். செக்சம் இல்லாத பிரைமரி கெட்ட பேஜைப் படித்து, அதில் ஒரு ரோவை மாற்றினால், கெட்ட பேஜ் முழுசாக வால் வழியே ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரும். செக்சம் இருந்தால் படிக்கும்போதே எர்ரர் வந்துவிடும், இந்த வழி அடைபடும். 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸுக்குச் செக்சம் தானாகவே ஆனாகிறது. பழைய பதிப்புகளில் நாம் கேட்டால்தான் உண்டு.

ஜிலிப்சி கேஸில் ஸ்டாண்ட்பை உதவாது. இரண்டும் ஒரே ஓஎஸ் என்றால் அங்கேயும் அதே கெட்ட இண்டெக்ஸ். ஸ்டாண்ட்பை மட்டும் புதிய ஓஎஸ் என்றால், பிரைமரியில் நல்லாயிருக்கும் இண்டெக்ஸ் அங்கே போனதும் கெட்டதாகிவிடும். ஓஎஸ் மாற்றத்துக்கு, வாலை அப்படியே அனுப்பும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனைப் பாலமாக வைத்த பலர் இதில்தான் மாட்டினார்கள். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் ரோ ரோவாக அனுப்பி மறுமுனையில் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுகிறது, அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

அதனால் ஸ்டாண்ட்பையை மெயின் சர்வராக்கும் புரொமோட் பட்டனைத் தட்டுவதற்கு முன் அங்கே ரீப்ளேவை (வால் ஓடுவதை) நிறுத்திவைத்து, அங்கேயே ஒரு டம்ப் எடுத்துப் பாருங்கள். ஏஎம்செக்கின் சாதாரண இண்டெக்ஸ் சோதனையும் ஸ்டாண்ட்பையில் ஓடும். இரண்டும் சுத்தம் என்றால் மாறிவிடலாம். புரொமோட் செய்த பிறகு பழைய பிரைமரியைத் துடைத்து ஸ்டாண்ட்பையாக்கும் அவசரம் மட்டும் வேண்டாம். காரணம் தெரியும்வரை அது சாட்சி.

பேக்கப்பும் வாலும்

"பேக்கப்பை ஏற்றினால் இன்றைய டேட்டா போய்விடுமே" என்ற பயத்தில்தான் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அந்தப் பயம் பாதிதான் சரி. ஒவ்வொரு நாளும் டம்ப் மட்டும் எடுப்பவர்களுக்கு அது உண்மை. ஆனால் டேட்டா டைரக்டரியை முழுசாக எடுத்த பேஸ் பேக்கப்பும் அதன்பின் வந்த வால் ஃபைல்களும் அறுபடாமல் இருந்தால் கதை வேறு. பதினைந்து நாளுக்கு முன் எடுத்த, சுத்தமான பேஸ் பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றி, அன்றிலிருந்து இந்த நிமிடம்வரை வாலை ஓட்டலாம். டிஸ்கில் நடந்த சிதைவு பொதுவாக வாலில் இருக்காது என்பதால், கெட்ட பேஜ் நல்ல பேஜாக, இன்றைய டேட்டாவோடு திரும்பக் கட்டப்படும். ஒரு ரோ கூட இழக்காமல் வெளியே வர முடியும். டிஸ்க் அல்லது ஃபைல்சிஸ்டம் கெட்ட கேஸில் நான் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது இதனால்தான். நேரம் பிடிக்கும், ஆம். பதினைந்து நாள் வாலை ஓட்ட மணிக்கணக்காகலாம்.

இங்கே கடினமான கேள்வி, எந்த பேக்கப் சுத்தம் என்பது. சிதைவு தெரிந்தது இன்று என்றாலும் நடந்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஃபைல் அளவில் எடுக்கும் பேக்கப், டிஸ்க் ஸ்னாப்ஷாட் எல்லாம் கெட்ட பேஜையும் அப்படியே எடுத்து வைத்திருக்கும். செக்சம் ஆனாக இருந்தால் பிஜி பேஸ்பேக்கப் 11ஆம் பதிப்பிலிருந்து பேக்கப் எடுக்கும்போதே சரிபார்க்கிறது, பிஜிபேக்ரெஸ்ட் என்ற பேக்கப் கருவியும் சரிபார்க்கிறது. செக்சம் இல்லாதவர்கள் ஒவ்வொரு பேக்கப்பாக ஏற்றி, அந்தக் குறிப்பிட்ட பிளாக்கைப் பார்த்துப் பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.

ஏற்றும்போது ஒரு கண்ணிவெடி. சர்வர் எழ மறுத்து, வாலை எங்கிருந்து ஓட்டத் தொடங்குவது என்று சொல்லும் பேக்கப் லேபிள் ஃபைலை அழித்துப் பாருங்கள் என்ற குறிப்பை லாகில் காட்டலாம். அந்தக் குறிப்பு "பேக்கப்பிலிருந்து ஏற்றவில்லை என்றால்" என்று தொடங்கும், அதை யாரும் படிப்பதில்லை. பேக்கப்பிலிருந்து ஏற்றும்போது அந்த ஃபைலை அழித்தால் சர்வர் தவறான செக்பாயிண்டிலிருந்து கிளம்பும், எர்ரர் எதுவும் இல்லாமல் புதிய சிதைவு ஒன்று பிறக்கும்.

பேக்கப் இருக்கிறது என்று நம்புவதும் அதை ஏற்றிப் பார்த்திருப்பதும் ஒன்றல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் புரொடக்ஷன் டேட்டா டைரக்டரி தவறுதலாக அழிக்கப்பட்டது. தேடிப் போனபோது பிஜி டம்ப் பேக்கப்கள் எதுவுமே இல்லை. சர்வர் 9.6, டம்ப் புரோகிராம் 9.2 என்பதால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது, தோல்வியைச் சொல்லும் மெயில்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்ததால் மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அது இந்தத் துறைக்குச் செய்த பெரிய உதவி. உங்கள் ஆபீசிலும் கடைசியாக எப்போது பேக்கப்பை ஏற்றிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் இந்த வழியை நம்பி மற்ற வழிகளை மூடிவிடாதீர்கள்.

நல்லதை அள்ளிக்கொண்டு போவது

சுத்தமான பேக்கப்பும் இல்லை, ஸ்டாண்ட்பையும் கெட்டது என்றால் இதுதான். கெட்டுப்போன டேபிள்களைத் தவிர மற்றவற்றை டம்ப் எடுத்துப் புது மெஷினில் ஏற்றிவிடுங்கள். கெட்ட டேபிளில் சிடிஐடி என்ற ரோ முகவரியை வைத்து, கெட்ட பிளாக்குக்கு முன்புவரை ஒரு துண்டு, அதற்குப் பிறகு ஒரு துண்டு என்று எடுக்கலாம். 14ஆம் பதிப்பிலிருந்து சிடிஐடி ரேஞ்ச் தேடல் வேகமாக நடக்கிறது. இழப்பு ஒரு பேஜ் என்றால் எவ்வளவு? ரோ ஒன்று 100 பைட் என்றால் பேஜுக்குச் சுமார் 60 ரோ. அந்த 60 யார் என்பதைப் பக்கத்துப் பேஜ்களின் ஐடிகளைப் பார்த்தும், அவற்றைக் குறிப்பிடும் மற்ற டேபிள்களைப் பார்த்தும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பிறகு பழைய டம்பிலிருந்தோ, பேமெண்ட் கேட்வேயின் ரிப்போர்ட்டிலிருந்தோ, அனுப்பிய மெயில்களிலிருந்தோ கையால் நிரப்ப வேண்டும். மெனக்கெட்ட வேலைதான். ஆனால் என்ன போனது, என்ன வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கும்.

டோஸ்ட் சங்க் காணவில்லை என்ற எர்ரர் மட்டும் என்றால் இழப்பு இன்னும் குறைவு. அந்த ரோவில் ஒரு பெரிய காலம்தான் போயிருக்கும், அதை மட்டும் நல் (null, வெறுமை) ஆக்கினால் மற்ற காலங்களைப் படிக்கலாம்.

அறுவைக் கருவிகள்

ஜீரோ டேமேஜ்டு பேஜஸை ஆன் செய்தால், ஹெடர் கெட்ட பேஜைப் போஸ்ட்கிரெஸ் பூச்சியமாக நினைத்துக்கொண்டு மேலே போகும். எர்ரர் மறையும், சைட் ஓடும், அந்தப் பேஜில் இருந்த ரோக்கள் எல்லாம் போயே போய்விடும். ஹெடர் மட்டும் கெட்டு ரோக்கள் நல்லாயிருந்தாலும் அவையும் சேர்ந்து போகும். எடுத்துவைத்த காப்பியின் மேல், டம்ப் எடுப்பதற்காக மட்டும் இதைப் பயன்படுத்தலாம். ஓடும் புரொடக்ஷனில் வேண்டாம்.

பிஜி ரீசெட்வால் இன்னும் கடுமையானது. வால் கெட்டு சர்வர் எழவே மறுக்கும்போது, வாலைத் தூக்கி எறிந்துவிட்டு எழுப்பும். எழுந்த டேட்டாபேஸில் பாதி முடிந்த டிரான்சாக்ஷன்கள் இருக்கும், பேஜ்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. உடனே டம்ப் எடுத்துப் இனிட்டிபி கமாண்டால் புதிதாக உருவாக்கிய இடத்தில் ஏற்ற வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணமே சொல்கிறது. எழுந்துவிட்டதே என்று அதிலேயே தொடர்ந்து ஓட்டுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு. 14இல் வந்த பிஜி சர்ஜரி எக்ஸ்டென்ஷன் ஒரு குறிப்பிட்ட ரோவை வலுக்கட்டாயமாகக் கொல்லவோ ஃப்ரீஸ் செய்யவோ (எப்போதும் தெரியும்படி வைக்கவோ) உதவும். வாக்யூம் ஒரே ரோவில் திரும்பத் திரும்ப முட்டும்போது அது கைகொடுக்கும், வேறெங்கும் அதை எடுக்கத் தேவையில்லை.

கிளவுடில் மேனேஜ்டு சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவிகள் பொதுவாகக் கிடையாது, பேஜை ஹெக்ஸ்டம்பில் பார்க்கவும் முடியாது. ரீஇண்டெக்ஸ், பாயிண்ட் இன் டைம் ரீஸ்டோர் (குறிப்பிட்ட நேரத்து நிலைக்குத் திரும்புவது), டம்ப் இந்த மூன்றுக்குள்தான் தேர்வு. சப்போர்ட் டிக்கெட் போடும்போது பிளாக் எண், ரிலேஷன் பாதை, முதல் எர்ரர் வந்த நேரம் மூன்றையும் முதல் மெசேஜிலேயே கொடுத்துவிடுங்கள், நாட்கள் மிச்சமாகும்.

சைட் கீழே இருக்கும்போது எப்படி முடிவெடுப்பது

ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் பரிந்துரைப்பது இது: ஸ்டாண்ட்பையில் டம்ப் சுத்தமாக வந்தால், அதை ரீட் ஒன்லியாகத் திறந்து வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கையாவது பார்க்கும்படி விடுங்கள். அதே நேரத்தில் வேறு மெஷினில் பழைய பேக்கப்பும் வாலும் ஓடட்டும். மூன்றாவது ஆள் காப்பியில் கெட்ட பேஜைப் பார்த்துக் காரணத்தைத் தேடட்டும். வால் ஓடி முடிந்ததும் ஏஎம்செக் போட்டு, முக்கிய டேபிள்களின் ரோ எண்ணிக்கையையும் தொகைக் கூட்டலையும் ஸ்டாண்ட்பையோடு ஒப்பிட்டுவிட்டுத் திறக்கலாம்.

காரணம் ஹார்டுவேர் என்று சந்தேகம் துளி இருந்தாலும் அந்த மெஷினில் எதையும் ஏற்றாதீர்கள். மெம்டெஸ்ட், ஸ்மார்ட் ரிப்போர்ட், கெர்னல் லாக் மூன்றும் சுத்தம் என்று வந்தாலும், பேஜில் பிட் புரண்டதைக் கண்ணால் பார்த்திருந்தால் நான் ராமை மாற்றச் சொல்வேன்.

திறந்த பிறகு, பழைய டேட்டா டைரக்டரியின் காப்பியை இடம் வேண்டும் என்று உடனே அழித்துவிடாதீர்கள். விடுபட்ட ரோக்கள் தெரியவருவது பெரும்பாலும் மாதக் கடைசியில், அக்கவுண்ட்ஸ் ஆள் பேங்க் ஸ்டேட்மெண்டோடு டேலி செய்யும்போதுதான். குறைந்தது இரண்டு மாதக் கணக்கு முடியும்வரை அந்தக் காப்பி, படிக்க மட்டும் அனுமதியோடு, தனி டிஸ்கில் இருக்கட்டும்.